ஒரு கேட்வே, மூன்று இணைய இணைப்புகள்: பாலிசி ரூட்டிங் விதிகளைச் சேர்த்த பின் எழுந்துள்ள சிக்கல்கள்

காற்றாலை_வள்ளியூர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ராதாபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில், வள்ளியூரில், கணினிகளையும் வலையமைப்பையும் கவனித்து வருகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களே எங்களுக்கு அறுவடைக் காலம். ஆனி, ஆடி மாதங்களில் ஒரு மணி நேரம் தரவு போகாமல் நின்றாலும் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்துவிடும் என்பதால், இந்தக் கேள்வியைக் காற்று ஓய்ந்திருக்கும் இப்போதே கேட்டுத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

எங்கள் கேட்வே, அதாவது உள்வலையை இணையத்தோடு இணைக்கும் வாசல், உபுண்டு லினக்ஸ் நிறுவிய ஒரு சிறிய கணினி. அதன் வெளிப்பக்கத்தில் மூன்று இணைப்புகள் உள்ளன. ஈத்0 இல் நிலையான முகவரியுடன் கூடிய 10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (எங்களுக்கென வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு). பிபிபி0 வழியாக 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிராட்பேண்ட். ஈத்2 இல் உள்ளூர்க் கேபிள்காரர் தரும் இணைப்பு. கடைசியாகச் சொன்ன இணைப்பில் எங்களுக்குக் கிடைக்கும் முகவரி 100.64 என்று தொடங்குகிறது, அதாவது வெளியிலிருந்து நேரே அழைக்க முடியாத பகிர்வு முகவரி. உள்பக்கம் ஈத்1 மீது மூன்று விலேன்கள் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனித்தனி உள்வலைகள்) இருக்கின்றன: காற்றாலைத் தரவுக்கு 192.168.10.0/24, அலுவலகக் கணினிகளுக்கு 192.168.20.0/24, கேமராக்களுக்கும் அவற்றின் ரெக்கார்டருக்கும் 192.168.30.0/24.

தலைமை அலுவலகத்தின் ஃபயர்வால் எங்கள் நிலையான முகவரியிலிருந்து வரும் தரவை மட்டுமே ஏற்கும். எனவே தரவு விலேன் லீஸ்டு லைன் வழியாகவும், கேமராக்கள் கேபிள்காரர் இணைப்பு வழியாகவும், அலுவலகம் பிராட்பேண்ட் வழியாகவும் வெளியேற வேண்டும். மெயின் டேபிளின் (முதன்மைப் பாதைப் பட்டியலின்) டீஃபால்ட் பாதை, அதாவது வேறு எதுவும் பொருந்தாதபோது பயன்படும் பாதை, பிபிபி0. அதற்கு மேல் நான் சேர்த்தவை இவை (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வெளி முகவரியை எடுத்துக்காட்டு முகவரியாக மாற்றியுள்ளேன்):

ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 203.0.113.9 டெவ் ஈத்0 டேபிள் 110
ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 100.64.12.1 டெவ் ஈத்2 டேபிள் 120
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.10.0/24 லுக்அப் 110 பிரயாரிட்டி 1000
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.30.0/24 லுக்அப் 120 பிரயாரிட்டி 1010

மூன்று வெளி இணைப்புகளிலும் நாட் விதிகள் (உள் முகவரிக்கும் வெளி முகவரிக்கும் இடையே மாற்றுபவை) சரியாக உள்ளன. தரவு தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் மூன்று சிக்கல்கள் எழுந்துள்ளன.

முதலாவது, இந்த விதிகளைச் சேர்த்த நாள் முதல் அலுவலகக் கணினிகளிலிருந்து 192.168.10.5 இல் உள்ள தரவு சர்வரைத் திறக்க முடியவில்லை. முன்பு திறந்தது.

இரண்டாவது, சென்னையிலிருந்து கேமரா ரெக்கார்டரைப் பார்ப்பதற்காக லீஸ்டு லைனின் நிலையான முகவரியான 203.0.113.10 இன் 8443 ஆம் போர்ட்டை 192.168.30.8 க்குத் திருப்பிவிட்டிருந்தேன். அதுவும் நின்றுவிட்டது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்தியது. நெடுஞ்சாலையோரம் பொக்லைன் தோண்டியபோது லீஸ்டு லைனின் கேபிள் அறுந்தது. தரவு அப்படியே நின்றிருந்தால்கூடப் பிழையில்லை. சர்வர் தன்னிடம் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். ஆனால் அது பிராட்பேண்ட் வழியாக வெளியேறத் தொடங்கியது. அறியாத முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப முயற்சி வந்ததால் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு அமைப்பு எங்கள் கணக்கையே முடக்கிவிட்டது. கேபிளை ஒட்டி இணைப்பு திரும்பிய பிறகும் தரவு பழைய பாதைக்கு வரவில்லை; என் ஸ்கிரிப்டை மறுபடி இயக்கிய பிறகே வந்தது. ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மேலும் விதிகளைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. விளக்கிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பாளை_வலையமைப்பு எழுதியது:

கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. பாளையங்கோட்டையில் ஒரு கல்வி நிறுவனத்தின் வலையமைப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், உங்கள் முதல் சிக்கலை நானும் பட்டு அறிந்திருக்கிறேன்.

சாதாரண ரூட்டிங், பாக்கெட்டின் பெறுநர் முகவரியை மட்டுமே பார்க்கிறது. பாலிசி ரூட்டிங், அனுப்புநர் யார், எந்த இடைமுகம் வழியாக வந்தது, அதன் மீது என்ன குறி இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, எந்த டேபிளைக் கேட்பது என்று முடிவு செய்கிறது. லினக்ஸில் இந்த வசதி 2.2 கெர்னல் காலத்திலிருந்தே உள்ளது. 'ஐபி ரூல் ஷோ' என்று கேட்டால், நீங்கள் எதையும் சேர்க்காத கணினியிலும் மூன்று விதிகள் இருப்பதைக் காணலாம்: 0 இல் லோக்கல் டேபிள், 32766 இல் மெயின், 32767 இல் டீஃபால்ட். எண் சிறியது முதலில் பார்க்கப்படும். தாமிரபரணிப் பாசனத்தில் மேல்மடை வயல் பாய்ந்த பிறகே கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்பதைப் போல, 1000 இல் உள்ள உங்கள் விதி ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அதற்கு வழியும் தந்துவிட்டால், 32766 இல் உள்ள மெயின் டேபிளுக்கு அந்தப் பாக்கெட் வருவதே இல்லை.

இனி உங்கள் அலுவலகக் கணினி ஒன்று 192.168.10.5 ஐ அழைப்பதாகக் கொள்வோம். போகும் பாக்கெட்டின் அனுப்புநர் 192.168.20 வரிசையில் இருப்பதால் எந்தச் சிறப்பு விதியும் அதைத் தொடுவதில்லை. மெயின் டேபிள் அதைத் தரவு விலேனுக்குச் சரியாகவே அனுப்புகிறது. சர்வரும் பதில் எழுதுகிறது. அந்தப் பதிலின் அனுப்புநர் 192.168.10.5. உடனே 1000 ஆம் விதி அதைப் பிடித்து டேபிள் 110 க்கு அனுப்புகிறது. அந்த டேபிளில் இருப்பது ஒரே ஒரு டீஃபால்ட் பாதை. பக்கத்து விலேனில் இருக்கும் கணினிக்கான பதில், லீஸ்டு லைன் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. விதியை எழுதும்போது நாம் போகும் பாக்கெட்டை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறோம். ஆனால் அனுப்புநர் முகவரியை வைத்து எழுதிய விதி, அந்த முகவரி தரும் பதில்களையும் சேர்த்தே பிடிக்கும்.

இதற்கு மூன்று தீர்வுகள் வழக்கத்தில் உள்ளன. டேபிள் 110 இலும் 120 இலும் உள்வலைப் பாதைகள் அனைத்தையும் படியெடுத்து வைப்பது ஒன்று. நாளை நான்காவது விலேன் வரும்போது இரண்டு டேபிள்களிலும் சேர்க்க மறந்துவிடுவோம் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 192.168.0.0/16 க்குப் போகும் அனைத்தும் மெயின் டேபிளைக் கேட்கட்டும் என்று முன்னதாக ஒரு விதி எழுதுவது மற்றொன்று. எனக்குப் பிடித்தது மூன்றாவது:

ஐபி ரூல் ஆட் லுக்அப் மெயின் சப்ரஸ்_பிரிஃபிக்ஸ்லெங்த் 0 பிரயாரிட்டி 900

இதன் பொருள், எல்லாப் பாக்கெட்டுகளும் முதலில் மெயின் டேபிளைக் கேட்கட்டும், ஆனால் கிடைக்கும் விடை டீஃபால்ட் பாதையாக இருந்தால் அதைப் புறக்கணித்து அடுத்த விதிக்குப் போகட்டும் என்பதாகும். டீஃபால்ட் பாதையின் பிரிஃபிக்ஸ் நீளம் (முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்) 0 என்பதால் அது மட்டும் கழிக்கப்படுகிறது. உள்வலைப் பாதைகள் யாவும் தாமாகவே முன்னுரிமை பெறுகின்றன. நாளை சேர்க்கும் விலேனுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது சிக்கலுக்கு ஊகத்தில் பதில் சொல்ல விரும்பவில்லை. சென்னையிலிருந்து ஒருவரை ரெக்கார்டரைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஈத்0 இலும் ஈத்1.30 இலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள். தொடக்கப் பாக்கெட் எந்த இடம் வரை வருகிறது என்பதையும், அனுப்புநர் முகவரியைச் சோதிக்கும் ஆர்பி_ஃபில்டர் என்ற அமைப்பின் மதிப்பு என்னவென்பதையும் எழுதுங்கள்.


காற்றாலை_வள்ளியூர் எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. 900 ஆம் விதியைச் சேர்த்தவுடன் அலுவலகத்திலிருந்து தரவு சர்வர் திறந்துவிட்டது. பதில் பாக்கெட்டையும் விதி பிடிக்கும் என்ற ஒரு வரி, இரண்டு வாரக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது.

நீங்கள் சொன்னபடி இரண்டு இடங்களிலும் பார்த்தேன். ஈத்0 இல் 8443 ஆம் போர்ட்டுக்கான சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) வருகிறது. சில விநாடிகள் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி வருகிறது. ஈத்1.30 இல் எதுவுமே தென்படவில்லை. அதாவது ரெக்கார்டரின் வாசலுக்கே அது வரவில்லை. ஃபயர்வால் விதிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், ஃபார்வர்ட் பகுதியில் அனுமதி விதியும் மறுப்பு விதியும் இரண்டுமே கூடவில்லை. ஆர்பி_ஃபில்டர் 'ஆல்' என்பதிலும் ஒவ்வோர் இடைமுகத்திலும் 1 என்று உள்ளது. சென்ற ஆண்டு ஒரு பாதுகாப்புக் கையேட்டைப் படித்து நானே அப்படி வைத்தேன்.


பாளை_வலையமைப்பு எழுதியது:

நீங்கள் தந்த விவரம் முழுமையாக இருப்பதால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. இங்கே இரண்டு தவறுகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. முதலாவதைத் திருத்தினால்தான் இரண்டாவது கண்ணுக்குத் தெரியும்.

ஆர்பி_ஃபில்டர் 1 என்றால் கண்டிப்பான முறை. ஒரு பாக்கெட் ஓர் இடைமுகத்தில் நுழைந்ததும், 'இதற்கு நான் பதில் எழுதினால் அந்தப் பதில் இதே இடைமுகம் வழியாகத்தான் போகுமா' என்று கெர்னல் தன்னையே கேட்டுக்கொள்கிறது. வேறு வழியாகப் போகும் என்றால், அனுப்புநர் முகவரி போலியானது என்று கருதி அதை வீழ்த்திவிடுகிறது. உங்கள் சின் பாக்கெட் ஈத்0 இல் நுழைந்ததும், ரூட்டிங் முடிவுக்கு முன்பே, அதன் பெறுநர் முகவரி நாட் விதியால் 192.168.30.8 என்று மாற்றப்பட்டுவிடுகிறது. பிறகு கெர்னல், 192.168.30.8 இலிருந்து சென்னைக்குப் பதில் எவ்வழியாகப் போகும் என்று தேடுகிறது. உங்கள் 1010 ஆம் விதி, ஈத்2 வழியாக என்று விடை தருகிறது. வந்தது ஈத்0, போவது ஈத்2, எனவே வீழ்த்தப்படுகிறது. இந்தச் சோதனை ஃபார்வர்ட் பகுதிக்கு முன்பே நடப்பதால்தான் உங்கள் ஃபயர்வால் எண்ணிக்கை எதுவும் கூடவில்லை. லாக்_மார்ஷியன்ஸ் என்பதை 1 ஆக்கினால் கெர்னல் பதிவில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

தரவு விலேனுக்கு மட்டும் இந்தச் சோதனை ஏன் இடையூறு செய்யவில்லை என்று கேட்பீர்கள். அங்கே தேடலின் விடையும் ஈத்0, பதில் வந்த வழியும் ஈத்0. இரண்டும் ஒத்துப்போகின்றன. உங்கள் முதல் சிக்கலிலோ, இந்த மதிப்பு 1 ஆக இருந்ததால் அலுவலகத்தின் பாக்கெட்டே இதே சோதனையில் வீழ்ந்திருக்கும்; நான் சொன்ன பதில் பிடிபடுவது அதற்கு அடுத்த தடை. 900 ஆம் விதி இரண்டையும் நீக்கிவிட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ள இடங்களில் கண்டிப்பான முறை பொருந்தாது என்பதை 2004 இல் வெளியான ஆர்எஃப்சி 3704 ஆவணமே பேசுகிறது. மதிப்பை 2 என்று, அதாவது தளர்வான முறைக்கு, மாற்றுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு: 'ஆல்' என்பதன் மதிப்பையும் இடைமுகத்தின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பெரியதையே கெர்னல் எடுத்துக்கொள்ளும். எனவே 'ஆல்' 1 ஆக இருக்கும்போது ஈத்0 இல் மட்டும் 0 என்று எழுதிப் பயனில்லை. 2 என்று எழுதினால் பயன் உண்டு. தளர்த்திய பிறகு ஏற்படும் குறையை ஈடுசெய்ய, 192.168.0.0/16 அனுப்புநர் முகவரியுடன் வெளி இடைமுகங்களில் நுழையும் பாக்கெட்டுகளை மறுக்கும் ஃபயர்வால் விதியை நீங்களே எழுதிவிடுங்கள். தளர்த்திவிட்டு இதைச் செய்யாமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன்.

இதைச் செய்தவுடன் ரெக்கார்டருக்குப் பாக்கெட் போகும். ஆனால் படம் இன்னும் வராது. இரண்டாவது தவறு அப்போது தெரியும். ரெக்கார்டரின் பதில், 1010 ஆம் விதிப்படி கேபிள்காரர் இணைப்பு வழியாக வெளியேறப் பார்க்கும். அதன் அனுப்புநர் முகவரியாகக் கேட்வே திரும்ப எழுதுவதோ லீஸ்டு லைனின் 203.0.113.10. தன்னுடையதல்லாத முகவரியைச் சுமந்து வரும் பாக்கெட்டைக் கேபிள்காரரின் வலையமைப்பு தடுத்துவிடுவதே முறை.

எந்த வாசல் வழியாக ஓர் இணைப்பு உள்ளே வந்ததோ, அதே வாசல் வழியாக அதன் பதில்கள் போக வேண்டும். பாக்கெட்டைத் தனியாகப் பார்த்தால் இது தெரியாது. இணைப்பின் மீது குறி வைத்தால்தான் தெரியும். அதற்குக் கான்மார்க் உதவுகிறது:

ஐபிடேபிள்ஸ் -டி மேங்கிள் -ஏ ப்ரீரூட்டிங் -ஐ ஈத்0 -எம் கான்ட்ராக் --சிடிஸ்டேட் நியூ -ஜே கான்மார்க் --செட்-மார்க் 1
ஐபிடேபிள்ஸ் -டி மேங்கிள் -ஏ ப்ரீரூட்டிங் -ஐ ஈத்1.+ -ஜே கான்மார்க் --ரிஸ்டோர்-மார்க்
ஐபி ரூல் ஆட் எஃப்டபிள்யூமார்க் 1 லுக்அப் 110 பிரயாரிட்டி 950

லீஸ்டு லைனில் புதிதாக நுழையும் இணைப்பு மீது 1 என்று குறி வைக்கிறோம். உள்பக்கத்திலிருந்து அந்த இணைப்பின் பதில் வரும்போது, இணைப்பின் குறியைப் பாக்கெட்டுக்கு மாற்றுகிறோம். 950 ஆம் விதி அந்தக் குறியைக் கண்டு டேபிள் 110 க்கு அனுப்புகிறது. 1010 க்கு முன்பே 950 வருவதால், கேமரா விதி குறுக்கிடாது. ரெக்கார்டர் தானாகத் தொடங்கும் இணைப்புகளுக்குக் குறி இல்லை. அவை வழக்கம்போல் கேபிள்காரர் வழியாகவே போகும்.

கேட்வே தானே எழுதும் பதில்களுக்கும் ஒரு விதி தேவை. வெளியிலிருந்து யாரேனும் 203.0.113.10 ஐ பிங் செய்தால், அந்தப் பதில் இப்போது பிபிபி0 வழியாகப் போகப் பார்க்கும். 'ஃப்ரம் 203.0.113.10 லுக்அப் 110 பிரயாரிட்டி 960' என்று சேர்த்துவிடுங்கள்.


அம்பை_இணையம் எழுதியது:

அண்ணாச்சி சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். மூன்றாவது சிக்கலைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் நான் எழுதுகிறேன். மற்ற இரண்டும் நின்றுபோன சிக்கல்கள். இது தவறான வழியில் ஓடிய சிக்கல். எனவே இதுவே மூன்றிலும் கடுமையானது என்பது என் கருத்து.

பலர் நினைப்பதற்கு மாறாக, 'லுக்அப் 110' என்ற விதி, இந்தப் பாக்கெட் டேபிள் 110 வழியாக மட்டுமே போக வேண்டும் என்று சொல்வதில்லை. முதலில் 110 இல் கேட்டுப் பார், அங்கே விடை இல்லையென்றால் அடுத்த விதிக்குப் போ என்றுதான் சொல்கிறது. கேபிள் அறுந்தபோது ஈத்0 இன் இணைப்பு விழுந்தது. உங்கள் கணினியின் வலையமைப்பு மேலாண்மைச் சேவை அந்த இடைமுகத்தின் முகவரியை நீக்கியிருக்கும். ஓர் இடைமுகத்தின் கடைசி ஐபி முகவரி நீங்கும்போது, அதன் வழியாகச் செல்லும் பாதைகளை எந்த டேபிளில் இருந்தாலும் கெர்னல் நீக்கிவிடும். டேபிள் 110 வெறுமையாயிற்று. தேடல் 1000 ஐத் தாண்டி 32766 வரை சென்று, மெயின் டேபிளின் டீஃபால்ட் பாதையான பிராட்பேண்டைக் கண்டுகொண்டது. இணைப்பு திரும்பியபோது, கோப்பில் எழுதியிருந்த முகவரியைச் சேவை மீண்டும் வைத்தது. கையால் சேர்த்த டேபிள் 110 இன் பாதையை அது அறியாது. அதனால்தான் உங்கள் ஸ்கிரிப்டை மறுபடி இயக்கும் வரை தரவு திரும்பவில்லை.

தீர்வு ஒரே வரி:

ஐபி ரூட் ஆட் அன்ரீச்சபிள் டீஃபால்ட் மெட்ரிக் 1000 டேபிள் 110

இது எந்த இடைமுகத்தையும் சாராத பாதை. எனவே ஈத்0 விழுந்தாலும் டேபிளில் நிற்கும். மெட்ரிக் எண் பெரியது என்பதால், உண்மையான பாதை இருக்கும் வரை இது பயன்படாது. உண்மையான பாதை நீங்கியதும், சென்று சேர வழியில்லை என்ற விடையைத் தந்து தேடலை அங்கேயே முடித்துவிடும். பிளாக்ஹோல் என்ற வகையும் உண்டு. அது பாக்கெட்டை ஓசையின்றி விழுங்கும். உங்கள் தரவு சர்வர் தோல்வியை உடனே அறிந்து சேமிப்புக்கு மாற வேண்டும் என்பதால் அன்ரீச்சபிளே நல்லது.

கேமராக்களுக்கும் இதே முடிவை நீங்கள் எடுத்தாக வேண்டும். கேபிள்காரர் இணைப்பு விழுந்தால் வீடியோ முழுவதும் பிராட்பேண்டுக்குப் பாயட்டுமா, அல்லது நிற்கட்டுமா? இரண்டில் எது சரி என்று கணினி சொல்லாது. என்னிடம் கேட்டால், ரெக்கார்டரிலேயே பதிவு இருப்பதால் நிற்கட்டும் என்பேன்.

அடுத்தது, இணைப்பு விழாமலே செத்துப்போகும் நிலை. மீடியா கன்வெர்ட்டரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஈத்0 உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஆனால் இரண்டு ஊர் தள்ளிக் கேபிள் அறுந்திருக்கும். இதை அறிய ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் வெளியே ஒரு முகவரியைத் தொடர்ந்து பிங் செய்ய வேண்டும். அடுத்த முனையை மட்டும் பிங் செய்வது போதாது; அது பெரும்பாலும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் நான் நெடுநாள் தடுமாறிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். 'பிங் -ஐ ஈத்0' (ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ) என்று இடைமுகத்தின் பெயரைக் கொடுத்தால், உங்கள் அமைப்பில் அது எப்போதும் தோற்கும். அந்த நேரத்தில் அனுப்புநர் முகவரி முடிவாகியிருக்காது என்பதால் 960 ஆம் விதி பொருந்தாது. ஈத்0 வழியான டீஃபால்ட் பாதை மெயின் டேபிளில் கிடையாது. எனவே தொலைவில் உள்ள முகவரி நேரடியாக அந்தக் கம்பியிலேயே இருப்பதாக எண்ணிக் கெர்னல் ஏஆர்பி (இந்த முகவரி கம்பியில் யாரிடம் உள்ளது என்ற கேள்வி) கேட்டுக்கொண்டிருக்கும். இடைமுகப் பெயருக்குப் பதிலாக 'பிங் -ஐ 203.0.113.10' என்று முகவரியைக் கொடுங்கள். அப்போது 960 ஆம் விதி பொருந்தி, டேபிள் 110 வழியாக உண்மையிலேயே வெளியே போகும்.

ஒரு பிங் தவறியதும் பாதையை மாற்றாதீர்கள். தொடர்ந்து மூன்று நான்கு தவறினால் மாற்றுங்கள்; திரும்பி வரும்போது இன்னும் நீண்ட நேரம் நன்றாக இருந்த பிறகே திருப்புங்கள். இல்லையென்றால் தள்ளாடும் இணைப்பு ஒன்று அலுவலகம் முழுவதையும் நாளெல்லாம் தள்ளாட வைக்கும். பாதையை மாற்றிய பின் பழைய யுடிபி இணைப்புகள் பழைய நாட் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். 'கான்ட்ராக் -டி' (ஆங்கிலப் பெரிய எழுத்து டி) கொண்டு அவற்றை நீக்கினால்தான் புதிய பாதைக்கு வரும்.

இறுதியாக, இவற்றை எங்கே எழுதி வைப்பது என்பது. உபுண்டு சர்வரில் பெரும்பாலும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இயங்கும். தான் எழுதாத ரூட்டிங் விதிகளை அது மறுதொடக்கத்தின்போது நீக்கிவிடும். மேனேஜ்ஃபாரின்ரூட்டிங்பாலிசிரூல்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 'ஆம்' என்பதே காரணம். எனவே விதிகளை அதன் கோப்பிலேயே எழுதுங்கள். எந்தக் கோப்பில் என்பதும் முக்கியம்: ஈத்0 இன் கோப்பில் எழுதினால் ஈத்0 விழும்போது அவையும் போய்விடக்கூடும். விதிகளையும் அன்ரீச்சபிள் பாதையையும் எப்போதும் உயிரோடிருக்கும் உள்பக்க ஈத்1 இன் கோப்பில் எழுதி, டேபிள் 110 இன் உண்மையான பாதையை மட்டும் ஈத்0 இன் கோப்பில் எழுதுங்கள். இணைப்பு திரும்பும்போது அதுவும் தானாகத் திரும்பும். பிபிபி0 ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிதாகவே பிறக்கிறது. அதற்கென ஏதேனும் பாதை எழுதினால் ஐபி-அப் ஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும்.

ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கிடைக்கிறதா என்றும் பாருங்கள். மேலே எழுதிய விதிகள் அனைத்தும் ஐபிவி4 க்கு மட்டுமே உரியவை. தரவு சர்வருக்கு பிராட்பேண்டிலிருந்து ஐபிவி6 முகவரி கிடைத்துவிட்டால், இந்த விதிகள் எதுவும் அதைத் தடுக்காது.


கடையநல்லூர்_பள்ளி எழுதியது:

இடையில் கேட்பதற்குப் பொறுத்தருள்க. எங்கள் பள்ளியில் மைக்ரோடிக் ரூட்டர், ரவுட்டர்ஓஎஸ் 7. ஆய்வகக் கணினிகளுக்கு மேங்கிளில் (பாக்கெட்டுகளுக்குக் குறியிடும் பகுதியில்) ரூட்டிங் மார்க் வைத்தேன். பக்கங்கள் திறக்கத் தொடங்குகின்றன, பிறகு பாதியில் நின்றுவிடுகின்றன. இதுவும் இதே காரணமா?


அம்பை_இணையம் எழுதியது:

காரணம் வேறு. ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ராக் விதி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னிருப்பு அமைப்பில் அது இருக்கும். இணைப்பு நிலைபெற்ற பிறகு அதன் பாக்கெட்டுகள் ஃபாஸ்ட்ராக் வழியாக மேங்கிளைத் தொடாமலே கடந்துவிடுகின்றன, குறி விழுவதில்லை, எனவே பாதி வழியில் வேறு இணைப்புக்குத் தாவுகின்றன. குறியிட்ட இணைப்புகளை ஃபாஸ்ட்ராக் விதியிலிருந்து விலக்குங்கள். பதிப்பு 7 இல் ரூட்டிங் டேபிளை 'ஃபிப்' என்ற சொல்லுடன் முதலில் தனியாக உருவாக்க வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு 6 இல் குறியின் பெயரே போதுமானதாக இருந்தது.


காற்றாலை_வள்ளியூர் எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் முறையாகச் செய்து பார்த்தேன்.

ஆர்பி_ஃபில்டரை 2 என்று மாற்றியதும், அண்ணாச்சி சொன்னபடியே, ஈத்1.30 இல் பாக்கெட் தென்பட்டது. ரெக்கார்டரின் பதில் ஈத்2 வழியாக வெளியேறுவதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். கான்மார்க் வரிகளைச் சேர்த்த பிறகு சென்னையிலிருந்து படம் வந்துவிட்டது. வெளி இடைமுகங்களில் 192.168 முகவரிகளை மறுக்கும் விதியையும் எழுதிவிட்டேன்.

பிறகு லீஸ்டு லைனின் கம்பியைக் கையால் உருவினேன். அதற்கு முன்பும் பின்பும், தரவு சர்வர் சென்னைக்குப் போனால் எவ்வழியாகப் போகும் என்று கெர்னலையே கேட்டேன்: 'ஐபி ரூட் கெட்' கட்டளையில் சென்னை முகவரியையும், 'ஃப்ரம் 192.168.10.5 ஐஐஎஃப் ஈத்1.10' என்பதையும் கொடுத்தால் பாக்கெட் எதையும் அனுப்பாமலே விடை கிடைக்கிறது. முன்பு ஈத்0 என்றது; உருவிய பின் வழியில்லை என்றது. பிபிபி0 இல் இருபது நிமிடங்கள் டிசிபிடம்ப் ஓடவிட்டும் தரவு சர்வரின் ஒரு பாக்கெட்கூடத் தென்படவில்லை. கம்பியை மாட்டியதும் பாதை தானாகத் திரும்பியது. சர்வர் சேமித்து வைத்திருந்ததை அனுப்பி முடித்தது.

கேமராக்களுக்கும் டேபிள் 120 இல் அன்ரீச்சபிள் பாதையை வைத்துவிட்டேன். இப்போதைய விதி வரிசை, இதே அமைப்பு உள்ளவர்களுக்காக:

0: லுக்அப் லோக்கல்
900: லுக்அப் மெயின் சப்ரஸ்_பிரிஃபிக்ஸ்லெங்த் 0
950: எஃப்டபிள்யூமார்க் 1 லுக்அப் 110
960: ஃப்ரம் 203.0.113.10 லுக்அப் 110
1000: ஃப்ரம் 192.168.10.0/24 லுக்அப் 110
1010: ஃப்ரம் 192.168.30.0/24 லுக்அப் 120
32766: லுக்அப் மெயின்
32767: லுக்அப் டீஃபால்ட்

ஐபிவி6 பற்றிச் சொன்னது உண்மையாகவே இருந்தது. தரவு சர்வருக்குப் பிராட்பேண்டின் ஐபிவி6 முகவரி ஒன்று கிடைத்திருந்ததை இப்போதுதான் கவனித்தேன். அந்த விலேனில் முகவரி அறிவிப்பை நிறுத்திவிட்டேன். பிங் சோதனை ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் எழுதவில்லை. அதை வைகாசிக் காற்று தொடங்குவதற்குள் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன்.